ஜப்பான் காலம்: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

மலாயாவில் நடந்த போரைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்கள் சில போர்க்களத்தைப் பற்றியவை, சில வீட்டுப் பெரியவர்களைப் பற்றியவை. இரண்டையும் கலந்தே பதில் தருகிறோம்.

கேள்வி: பள்ளிப் புதிர்ப் போட்டியில் பசிபிக் போர் எங்கே தொடங்கியது என்று கேட்டார்கள். என் மகள் கோத்தா பாரு என்று எழுதினாள். பேர்ல் ஹார்பர்தான் சரி என்று மதிப்பெண் கொடுக்கவில்லை. யார் சொன்னது சரி?
குளுகோர் வாசகி, பினாங்கு

பதில்: மகள் சொன்னதுதான் சரி. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு ஆசிரியரிடம் காட்டுங்கள். 1941 டிசம்பரில் மலாயாவின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முன்னால் ஓடியது. இன்றைய எட்டு மணி நேரத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஹவாயின் கடிகாரம் கிரீன்விச்சுக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடியது. ஆக, இரண்டுக்கும் 18 மணி நேர வித்தியாசம். ஹவாயில் தாக்குதல் தொடங்கியது டிசம்பர் 7, காலை 7.48. அதோடு 18 மணி நேரத்தைக் கூட்டினால் மலாயாவில் டிசம்பர் 8, அதிகாலை 1.48. கோத்தா பாருவை அடுத்த சபாக், படாங் கடற்கரைகளில் ஜப்பானியர் இறங்கத் தொடங்கியது நள்ளிரவு கடந்து ஏறத்தாழ 12.45 மணிக்கு. கோத்தா பாரு இருக்கும் கிளந்தான் ஒரு மணி நேரம் முந்திக்கொண்டது.

அவர்கள் எளிதாகவும் இறங்கிவிடவில்லை. ஜெனரல் தக்குமியின் ஐயாயிரத்துச் சொச்சம் வீரர்கள் மூன்று கப்பல்களில் வந்தார்கள். கரையில் கான்கிரீட் காவலரண்களிலும் முள்வேலிக்குப் பின்னாலும் இருந்தது இந்திய ராணுவத்தின் டோக்ரா படைப்பிரிவு. ஆஸ்திரேலிய விமானப்படையின் ஹட்சன் விமானங்கள் அவாஜிசான் மாரு என்ற கப்பலைத் தீப்பிடிக்க வைத்தன. ஜப்பானியர் அத்தனை உயிரைக் கொடுத்து அந்த இடத்தைக் கேட்டதற்குக் காரணம் அங்கிருந்த விமானத்தளம். அன்றிரவுக்குள்ளேயே அதை விட்டு பிரிட்டிஷார் விலகினார்கள். ஜப்பானின் பெரும்படை அதே நாளில் தாய்லாந்தின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் இறங்கி, மேற்குக் கரைச் சாலையை நோக்கிப் புறப்பட்டுவிட்டது.

கேள்வி: கார்ன்வாலிஸ் கோட்டையில் ஆங்கிலேயர் கொடியை இறக்கியவர் ஒரு தமிழர் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா?
ஆயர் ஈத்தாம் வாசகர், பினாங்கு

பதில்: உண்மை. அவர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர், அப்போது பினாங்கின் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர்.

டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன்மீது குண்டு விழுந்தபோது, ஓடி ஒளியத் தெரியாமல் சாலையில் நின்று விமானங்களை வேடிக்கை பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் மாண்டார்கள். நகரில் விமான எதிர்ப்பு பீரங்கி ஒன்றுகூட இல்லை. 17-ஆம் தேதிக்குள் ஐரோப்பியர்கள் உள்ளூர் மக்களிடம் சொல்லாமல் இரவில் கப்பலேறிவிட்டார்கள். அந்தக் காயம் பினாங்குத் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோர் மனத்திலும் நெடுநாள் ஆறவில்லை. ஆற வேண்டிய காயமும் அல்ல. நகரை நடத்த ஒரு சேவைக்குழு கூடியது. சரவணமுத்து கோட்டைக்குப் போய் யூனியன் ஜாக் கொடியை இறக்கினார். பினாங்கில் இனி ராணுவம் இல்லை, குண்டு போட வேண்டாம் என்று ஜப்பானியருக்கு வானொலியில் அறிவிக்கப்பட்டது. 19-ஆம் தேதி அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அந்த அறிவிப்பு சாத்தியமானதே, போனவர்கள் வானொலி நிலையத்தை உடைக்காமல் விட்டுப் போனதால்தான். துறைமுகத்தில் சிறு படகுகளையும் அப்படியே விட்டுப் போனார்கள். அந்தப் படகுகள் பிறகு யாருக்குப் பயன்பட்டன என்பது அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: கெடாவிலிருந்து கோலாலம்பூர் வரை காரில் போய்ப் போர்க்களங்களைப் பார்க்க நினைக்கிறோம். எதைத் தவறவிடக் கூடாது? இத்தனை பெரிய படை ஐந்து வாரத்தில் ஏன் தோற்றது?
பட்டர்வொர்த் நண்பர்கள்

பதில்: நெடுஞ்சாலையை விட்டுவிட்டுப் பழைய கூட்டரசுச் சாலையில் போங்கள். 1941-இல் சண்டை நடந்தது அந்தச் சாலையை ஒட்டித்தான்.

முதலில் ஜித்ரா, டிசம்பர் 11 முதல் 13 வரை. ஜெனரல் மர்ரே-லயனின் 11-ஆவது இந்திய டிவிஷன் இங்கே நின்றது. தாய்லாந்துக்குள் முந்திப் பாய வேண்டும் என்ற திட்டத்துக்காக அதைக் காத்திருக்க வைத்து, கடைசி நேரத்தில் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதனால் பதுங்குகுழிகள் அரைகுறை, மழைநீர் நிரம்பி, தொலைபேசிக் கம்பிகள் நனைந்து பேச்சே கேட்காத நிலை. ஜப்பானிய அதிகாரி சாயெக்கியின் சுமார் 500 பேர் சில டாங்கிகளோடு சாலையில் நேரே முட்டியதில் ஒரு டிவிஷனே கலைந்தது. சிதறியவர்களில் 1/14 பஞ்சாப் படைப்பிரிவின் கேப்டன் மோகன் சிங்கும் ஒருவர். இந்திய தேசிய ராணுவத்தின் முதல் தளபதி அவரே.

கம்பாரில் கதை வேறு. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை, மலைமுகடுகளைப் பிடித்துக்கொண்டு பிரிட்டிஷ், பஞ்சாப் வீரர்கள் நான்கு நாள் நின்றார்கள். எதிரி முகட்டின் ஒரு பகுதியைப் பிடித்தபோது, கேப்டன் ஜான் கிரஹாம் தன் சீக்கிய வீரர்களோடு துப்பாக்கி முனைக் கத்தியை நீட்டி மேட்டில் ஏறி மீட்டார். அந்தக் காயத்திலேயே இறந்தார். கம்பாரில் யாரும் அவர்களைத் தோற்கடிக்கவில்லை. ஜப்பானியர் கடல்வழியாக முதுகுப்பக்கம் தெலுக் ஆன்சனில், இன்றைய தெலுக் இந்தானில், இறங்கியதால்தான் பின்வாங்கினார்கள். பினாங்கில் விட்டுப்போன படகுகளும் இந்தக் கரையோரப் பயணங்களுக்கு உதவின. மலாயாப் போரில் ஒரே ஓர் இடத்தைப் பார்க்க நேரம் இருந்தால் கம்பார் கிரீன் ரிட்ஜைப் பாருங்கள். பதுங்குகுழிகளின் பள்ளம் இன்னும் தெரியும். காலணி நல்லதாக இருக்கட்டும். காலையில் ஏறுங்கள், மதிய மழைக்குப் பின் செம்மண் வழுக்கும். மேலே நின்று கீழே சாலையைப் பார்த்தால், அந்த முகட்டுக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பது ஒரு பார்வையில் புரியும்.

சிலிம் ரிவரில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் கோலாலம்பூரின் விதி முடிவானது அங்கேதான். 1942 ஜனவரி 7, அதிகாலை மூன்றரை மணி. துரோலாக் அருகே மேஜர் ஷிமாடாவின் ஏறத்தாழ 20 டாங்கிகள் நிலா வெளிச்சத்தில் சாலையோடு வந்தன. தடுக்க இருந்தவை சில கான்கிரீட் தடைகளும் கொஞ்சம் கண்ணிவெடிகளும். முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுகள் ரப்பர் மரங்களுக்கிடையே அப்படியே கிடந்தன. காவல் நின்றவர்கள் அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. முன்வழி அடைபட்டதும் டாங்கிகள் அந்த வளைவில் இறங்கி, தடையின் பின்பக்கம் ஏறின. மூன்று வாரமாகத் தூங்காத வீரர்கள், தொடர்பு அறுந்த முகாம்கள். பின்னால் இருந்த பட்டாளங்கள் எதிரி வருகிறான் என்று தெரியாமலே சாலையில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்தன. சிலிம் ஆற்றுப் பாலத்தில் வெடி கட்டித் தயாராக இருந்தது. லெப்டினன்ட் வத்தனாபே டாங்கியிலிருந்து குதித்து, வாளால் அந்தக் கம்பியை வெட்டினார். பாலம் முழுதாகக் கிடைத்தது. ஒரு காலைப்பொழுதில் இரண்டு பிரிகேடுகள் இல்லாமல் போயின. நான்கு நாளில், ஜனவரி 11 அன்று, கோலாலம்பூர் விழுந்தது.

தோல்விக்கு வீரம் குறைந்தது காரணமில்லை. பிரிட்டிஷாரிடம் மலாயாவில் ஒரு டாங்கிகூட இல்லை, ஜப்பானியரிடம் இருநூறுக்கு மேல் இருந்தன. வானம் முதல் வாரத்திலேயே கைவிட்டுப் போனது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பெரிய போர்க்கப்பல்களும் டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால் விமானத் தாக்குதலில் மூழ்கி, 840 பேர் மாண்டார்கள். கரையோரம் இறங்க வருபவனைத் தடுக்கக் கடலிலும் ஆள் இல்லை.

கம்பாருக்குப் போகுமுன் தைப்பிங் போர்க் கல்லறையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். புக்கிட் லாருட் அடிவாரச் சாலையில் இருக்கிறது. சாலையின் இரு புறமுமாக 850-க்கு மேல் கல்லறைகள், அவற்றில் பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்கள். இந்திய வீரர்களுக்குத் தனிப் பகுதி உண்டு.

கேள்வி: ஜப்பானியர் சைக்கிளிலேயே மலாயாவைப் பிடித்தார்கள் என்பது மிகைப்படுத்தலா?
பிரிக்பீல்ட்ஸ் வாசகர், கோலாலம்பூர்

பதில்: சைக்கிள் உண்மைதான். ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தார்கள், போதாததை உள்ளூர் மக்களிடம் பறித்துக்கொண்டார்கள். பாலம் உடைந்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கலாம். வெயிலில் டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். தார்ச்சாலையில் எழுந்த அந்த இரும்புச் சத்தத்தை இருட்டில் டாங்கி என்று எண்ணி மிரண்டவர்களும் உண்டு. ஆனால் தடையை உடைத்தவை டாங்கிகளும் விமானங்களும். சைக்கிளின் வேலை, பின்வாங்கும் படைக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காமல் துரத்துவது.

கேள்வி: சிங்கப்பூர் பீரங்கிகள் கடலைப் பார்த்தே இருந்ததால் திருப்ப முடியவில்லை என்கிறார்களே?
ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு

பதில்: பாதி உண்மை. 15 அங்குலப் பீரங்கிகள் ஐந்து. அவற்றில் சிலவற்றையும் 9.2 அங்குலப் பீரங்கிகளையும் நிலத்தை நோக்கித் திருப்ப முடிந்தது, சுட்டும் இருக்கிறார்கள். குறை குண்டில் இருந்தது. இருந்தவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகள். அவை சேற்றில் விழுந்தால் ஆழப் புதைந்து வெடிக்கும், மேலே நிற்பவனுக்கு ஒன்றும் ஆகாது. ஆட்களைத் தாக்கும் சிதறு குண்டு 9.2 அங்குலத்துக்கு ஒரு பீரங்கிக்கு முப்பது அளவில்தான் இருந்தது. 15 அங்குலத்துக்கு இல்லை.

கேள்வி: என் பாட்டி ஜான்சி ராணிப் படையில் இருந்தார். இம்பாலில் சண்டை போட்டார் என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?
பத்து கேவ்ஸ் வாசகி

பதில்: பாட்டி படையில் இருந்தது பெருமை. இம்பால் என்ற ஊர்ப் பெயரை மட்டும் கொஞ்சம் தள்ளிவைத்துப் பாருங்கள். நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலை 2. ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தது அக்டோபர் 21. கேப்டன் லட்சுமியின் தலைமையில் பெண்கள் படை திரண்டது அதே ஆண்டின் பிற்பகுதியில். அதில் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள், தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. ஒரு பகுதியினர் பர்மாவுக்குப் போனார்கள், மேமியோவில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். முன்னணிச் சண்டைக்கு அவர்களை அனுப்பவில்லை. 1945-இல் ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கி நடந்து பின்வாங்கினார்கள். விமானத்துக்குப் பயந்து இரவில் மட்டும் நடை. பாட்டி மேமியோ, ரங்கூன், நீண்ட இரவு நடை என்று எதையாவது சொல்லியிருந்தால் அது வரலாற்றோடு பொருந்துகிறது.

ஜப்பானியரும் இந்திய தேசிய ராணுவமும் இம்பாலில் தோற்றதன் காரணம் சோறு. 1944 மார்ச்சில் ஜெனரல் முத்தகுச்சி மூன்று டிவிஷன்களை ஏறத்தாழ மூன்று வார உணவோடு மலை ஏற்றினார். மீதியை பிரிட்டிஷார் கிடங்குகளில் பிடித்துச் சாப்பிடலாம் என்பது கணக்கு. முற்றுகைக்குள் இருந்த ஜெனரல் சிலிமின் படைக்கு விமானத்தில் உணவு வந்துகொண்டே இருந்தது. கோஹிமா சாலை ஜூன் 22-இல் திறந்தது. மழையும் மலேரியாவும் மீதியை முடித்தன. மொய்ராங்கில் ஏப்ரல் 14 அன்று இந்திய தேசிய ராணுவத்தின் கொடி ஏறியது உண்மை. அங்கே போரிட்டவர்களில் பெரும்பாலோர் முன்னாள் போர்க்கைதிகள். மலாயாவில் சேர்ந்த நம் இளைஞர்கள் பலர் களம் கண்டது 1945 தொடக்கத்தில், ஐராவதிக் கரையிலும் போப்பா மலையிலும். தாத்தா இருந்தார் என்று சொல்லும் வீடுகள் அந்தப் பெயர்களையும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பழைய டிரங்குப் பெட்டியில் ஜப்பான் காலத்து வாழைமர நோட்டுகள் ஒரு கட்டு இருக்கின்றன. மதிப்பு உண்டா?
பிறை வாசகர்

பதில்: வங்கியில் மாற்ற முடியாது. பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் 1945-இல் வந்ததும் அது வெறும் காகிதமானது. சேகரிப்பாளர்களுக்கு மட்டுமே மதிப்பு. நோட்டில் ‘எம்’ என்று தொடங்கும் எழுத்து மலாயாவுக்கு உரியது. ‘பி’ பர்மாவுக்கு உரியது. தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்குப் போய் வந்தவர் வீட்டில் அது இருக்க வாய்ப்புண்டு. வெறும் எழுத்துகள் மட்டும் உள்ளவை ஏராளம், விலை சொற்பம். எழுத்தோடு எண்ணும் அச்சான தொடக்ககால நோட்டுகள் அரிது, அவற்றைத் தனியே வையுங்கள். இஸ்திரி போடாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். செய்தால் உள்ள மதிப்பும் போய்விடும்.

கேள்வி: யமாஷிதா, பெர்சிவல் கடைசியில் என்ன ஆனார்கள்? கோலாலம்பூரில் ஜப்பானியர் சரணடைந்தது எங்கே?
கெப்போங் வாசகர்

பதில்: 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரின் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்தார். 1945 செப்டம்பரில் யமாஷிதா பிலிப்பைன்சில் சரணடைந்தபோது எதிரே உட்கார வைக்கப்பட்டவர்களில் அதே பெர்சிவலும் இருந்தார். யமாஷிதாவை 1946 பிப்ரவரி 23 அன்று தூக்கிலிட்டது மணிலாவில் நடந்த கொடுமைகளுக்காக. மலாயாவில் நடந்ததற்காக அவரை யாரும் விசாரிக்கவில்லை. சிங்கப்பூர்ச் சீனர்களைக் கொன்ற வழக்கில் ஜப்பானிய ஜெனரல் கவாமுரா 1947-இல் தூக்கில் ஏறினார். அந்தத் திட்டத்தின் மூளை என்று சொல்லப்படும் கர்னல் சுஜி தப்பிப்போய், பின்னாளில் ஜப்பான் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். இதை எழுதும்போது இன்றும் கை நடுங்குகிறது.

பினாங்குக்கான சரணாகதி செப்டம்பர் 2 அன்று நெல்சன் போர்க்கப்பலில் கையெழுத்தானது, மறுநாள் பிரிட்டிஷ் மரீன்கள் இறங்கினார்கள். கோலாலம்பூரில் செப்டம்பர் 13, விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில். போர் முடிந்தும் நம்மவருக்கு அமைதி கிடைக்கவில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்துவிட்டுத் தொழிற்சங்கத் தலைவரான எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் பிரிட்டிஷார் தூக்கிலிட்டார்கள்.

கேள்வி: என் தாத்தாவைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போனார்கள். திரும்பவே இல்லை. எந்தப் பட்டியலில் தேடுவது?
செந்தூல் வாசகி

பதில்: அம்மா, முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறோம், வீண் அலைச்சல் வேண்டாம். போர்வீரர்களுக்கு உள்ளதுபோல் தொழிலாளர்களுக்கு முழுப் பெயர்ப் பட்டியல் இல்லை. கஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்வெட்டுகள் உண்டு. எல்லாம் போர்க்கைதிகளுக்கு. தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த நினைவிடம் அதன் பக்கத்திலுள்ள வாட் தாவோர்ன் வராராம் விகாரையில் இருக்கிறது. போனால் அங்கே விளக்கேற்றுங்கள்.

பாதை 415 கிலோமீட்டர், தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை. இரு முனையிலிருந்தும் போட்டுவந்த தண்டவாளம் 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்த்தாவில் இணைந்தது. தண்டவாளத்தில் ஒரு பங்கை நம் கிழக்குக் கரை ரயில்பாதையிலிருந்தே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 60,000-க்கு மேற்பட்ட போர்க்கைதிகளில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 180,000-க்கு மேல், இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பரவலான மதிப்பீடு. ஒரே வேலை, ஒரே மழை. பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்? கைதிகள் முகாமில் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க விடமாட்டார்கள், கழிவுக்குழியைத் தள்ளி வெட்டுவார்கள். நம் ஆட்களின் முகாமில் மருத்துவரும் இல்லை, சொல்லித்தரவும் ஆள் இல்லை. மூங்கில் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓடும் ஓடையே குடிக்கவும் கழுவவும். 1943 மே, ஜூனில் மழையோடு காலரா வந்தபோது மேல்முகாம்கள் சில நாளில் காலியாயின.

இனி, தேடும் முறை. தோட்டத்தின் பெயரை இரண்டு வடிவத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்: பலகையில் இருந்த ஆங்கிலப் பெயர், நம்மவர் வாயில் வழங்கிய பெயர். கோப்புகளில் முதலாவது மட்டுமே இருக்கும், பாட்டிமார் நினைவில் இரண்டாவது மட்டுமே. அடுத்து, மாவட்டமும் கம்பெனியும். இவற்றோடு கோலாலம்பூரில் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமிலுள்ள (பழைய ஜாலான் டூத்தா) தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய், பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகக் கோப்புகளையும் தொழிலாளர் இலாகா கோப்புகளையும் மாவட்டவாரியாகக் கேளுங்கள். தாத்தா பெயரைச் சொல்லித் தேடினால் கிடைப்பது அரிது. தோட்டத்தைச் சொல்லித் தேடுங்கள். பெயர் வந்தாலும் முனியாண்டி என்பது நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும், ஒவ்வொன்றையும் பாருங்கள்.

ஜப்பான் காலத் தாள் ஏதாவது வீட்டில் இருந்தால் அதில் 2603 என்பதுபோல் ஆண்டு இருக்கும். அது அவர்கள் ஆண்டுமுறை. 660-ஐக் கழியுங்கள், 1943 வரும். ஷோவா 18 என்றிருந்தாலும் அதே ஆண்டுதான். 1943 அக்டோபருக்குப் பிறகு போனவர் என்றால் அவர் பாதை போடப் போகவில்லை, குண்டுவீச்சில் உடைந்த பாலங்களைப் பழுதுபார்க்கவும் விறகு வெட்டவும் போனவர். தேட வேண்டிய முகாமே மாறிவிடும்.

கூடப் போய்த் திரும்பியவர்களின் பிள்ளைகளைக் கண்டுபிடியுங்கள். காகிதத்தைவிட அவர்களிடம்தான் அதிகம் இருக்கிறது. அவர்கள் சொல்லும் ஊர்ப் பெயரைத் திருத்தாமல், காதில் விழுந்தபடியே எழுதுங்கள். ‘கான்புரி’ என்றால் கஞ்சனாபுரி. ‘நீக்கே’ என்றால் பர்மா எல்லையை நெருங்கிய மேல்முகாம், காலரா கடுமையாகத் தாக்கிய பகுதி. எழுதிய தாளின் அடியில் சொன்னவர் பெயர், வயது, தேதி மூன்றையும் போடுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த வார இறுதியிலேயே போய்வாருங்கள்.